வாசகர் கேட்டவை: கொடுமுடி சுந்தராம்பாள்

நாடக மேடையிலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் பற்றி வந்த கடிதங்கள் குவிந்துவிட்டதால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தைக்கூடப் பையன்களே கட்டிய காலத்தில், சுந்தராம்பாள் எப்படி மேடை ஏறினார்? (கரூர்)

எல்லா நாடகக் கம்பெனியும் பாய்ஸ் கம்பெனி அல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்றவற்றில்தான் பையன்கள் மட்டும் இருந்தார்கள். பெரியவர்களும் பெண்களும் சேர்ந்து நடித்த குழுக்கள் தனியே இருந்தன. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் நடத்திய கம்பெனியில் ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். இதை நினைவில் வையுங்கள், நந்தனார் கேள்விக்கு வரும்போது உதவும்.

சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே' ஊரையும் 'பி' தாயார் பாலாம்பாளையும் குறிக்கும். வறுமையான குடும்பம். சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கினார் என்பதும், அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் நாடகத்தில் சேர்த்துவிட்டார்கள் என்பதும் அவர் வாழ்க்கையை எழுதிய எல்லோரும் சொல்வது. சேர்ந்த இடம் வேலு நாயர் கம்பெனி. முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையின் வேடம். அழுகையைப் பாட்டாகவே பாட வேண்டிய வேடம் அது. பிள்ளை வேடம்தானே என்று நினைக்க வேண்டாம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அந்தப் பசி கேட்க வேண்டும், மைக் கிடையாது.

ஸ்பெஷல் நாடகம் என்கிறார்களே, அதில் என்ன ஸ்பெஷல்? கிட்டப்பாவும் அவரும் ஜோடி சேர்ந்தது ஏன் அவ்வளவு பேசப்பட்டது? (திண்டுக்கல், செங்கோட்டை)

கம்பெனி நாடகத்தில் நடிகர்கள் ஒரே கொட்டகையில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டு, மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அதெல்லாம் இல்லை. நடத்துகிறவர் ராஜபார்ட்டுக்கு (கதாநாயகன்) ஒருவர், ஸ்திரீபார்ட்டுக்கு (நாயகி) ஒருவர், பபூனுக்கு (கோமாளி) ஒருவர், ஆர்மோனியத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே முன்பணம் கொடுத்து அந்த ஒரு ராத்திரிக்கு அழைப்பார். ஆளுக்கு ஒரு திசையிலிருந்து வந்து இறங்குவார்கள். பல சமயம் கதாநாயகனும் நாயகியும் முதல்முதலாகச் சந்திப்பதே மேடையில்தான். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம். 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' போன்றவற்றின் பாட்டும் வசனமும் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகை இல்லாமலே கதை நகரும்.

பாடத்துக்கு வெளியே போகும் இடம்தான் ருசி. 'வள்ளி திருமண'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடுகிறாள். நாரதர் வந்து முருகன் பெருமையைச் சொல்லி வாதாடுகிறார். பிறகு வேடனாக வரும் முருகன், மானைத் தேடி வந்ததாகச் சொல்லி வள்ளியோடு தர்க்கம் தொடங்குகிறான். இந்தத் தர்க்கத்துக்கு எல்லை கிடையாது. அவர் ஒரு விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) போட்டால் இவர் அதே ராகத்திலோ அதற்கு மேலோ பதில் போட வேண்டும். கூட்டம் கைதட்டக் கைதட்ட நீளும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம், தர்க்கம் முடிவதற்குள் விடிந்துவிட்டால், கிழவன் வேடமும் யானையும் கல்யாணமும் சில நிமிடங்களில் ஓட்டி முடிக்கப்படும். ஜனங்கள் குறை சொல்லவில்லை, அவர்கள் வந்ததே தர்க்கத்துக்குத்தான்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆண் பாடகர் சாதாரணமாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார், பெண் ஐந்து கட்டைப் பக்கம் (கட்டைக் கணக்கு அடுத்த கேள்வியில்). இருவரும் மாறி மாறிப் பாடும்போது ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியைத் தூக்கி இறக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மற்றவருக்காக வளைய வேண்டும். பெண்ணின் சுருதிக்கு ஏறப் பார்க்கும் ஆணின் குரல் மேல் ஸ்தாயியில் உடையும், ஆணின் சுருதிக்கு இறங்கும் பெண்ணின் குரல் கீழே அமுங்கி, பின்வரிசைக்குக் கேட்காது. தர்க்கம் சூடு பிடிக்கும் இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் வேகத்தைக் கெடுத்துவிடும்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா, ஆண்களில் அபூர்வமாக உயர்ந்த சுருதியில் பாடியவர். கன்னையா கம்பெனியில் புகழ் பெற்ற பின் இலங்கைக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த சுந்தராம்பாளோடு 1926இல் ஜோடி சேர்ந்தார். சுருதியை இறக்காமல் பதிலுக்குப் பதில் போட ஆள் கிடைத்தது அவருக்கும் இவருக்கும் ஒரே நேரத்தில். அந்த ஜோடியின் புகழுக்குக் காதல்கதையைக் காரணமாகச் சொல்வார்கள். முதல் காரணம் சுருதி என்பது எங்கள் கட்சி. 1927இல் திருமணம். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே மனைவி உண்டு. வாழ்க்கை சுமுகமாகப் போகவில்லை, பிரிவும் வந்தது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

"ஐந்து கட்டையில் பாடுவார்" என்று அதிசயமாகச் சொல்கிறார்களே, கட்டை என்றால் என்ன? (சேலம்)

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து எண்ணினால் ஒன்று முதல் ஏழு. எந்தக் கட்டையை ஸட்ஜமமாக, அதாவது 'ஸ'வாக வைத்துப் பாடுகிறீர்களோ அதுவே உங்கள் கட்டை. கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. யாராவது "மூன்றரைக் கட்டையில் பாடினார்" என்று எழுதியிருந்தால், அவர் ஆர்மோனியத்தைத் தொட்டதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து, ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு உள்ள படிதான் ஸ்வரஸ்தானம். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே தூரம் ஏழு ஸ்வரஸ்தானம். ஆனால் ஐந்து கட்டை பெண் குரலுக்கு வழக்கமான சுருதி. அதில் அதிசயம் ஏதும் இல்லை. அந்தச் சுருதியில் மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கே குரலை ஒடுக்காமல், பொய்க்குரலுக்கு மாறாமல், வாயைத் திறந்து நின்று, எழுத்து ஒவ்வொன்றும் புரியும்படி பாடுவதுதான் அரிது. மேலே போகப் போக உயிரெழுத்துகள் எல்லாம் 'ஆ'வாக மாறி, வார்த்தை காணாமல் போவது பெரும்பாலான குரல்களின் நோய். சுந்தராம்பாளிடம் அது இல்லை. 'ழ'வும் 'ள'வும் உச்சியிலும் தனித்தனியாகக் கேட்கும். மைக் இல்லாத கொட்டகையில் கதை புரிய வேண்டுமென்றால் அதைத் தவிர வழியும் இல்லை.

தாத்தா வீட்டுப் பெட்டியில் சுந்தராம்பாள் இசைத்தட்டுகள் சில கிடைத்தன. பூஞ்சை பிடித்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்து கேட்பது? (காரைக்குடி)

முதலில் ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதையும் தொடாதீர்கள். இந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், பள்ளங்கள் அழியும், பாட்டும் அதோடு போகும். பின்னால் வந்த வினைல் தட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும் வீடியோவைப் பார்த்துப் பலர் செய்யும் தவறு இதுதான்.

காய்ச்சி வடித்த தண்ணீர் அரை லிட்டர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மெல்லிய துணியையோ மென்மையான பிரஷையோ நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது, சாயம் ஓடிவிடும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை. துடைத்ததும் நிமிர்த்தி வைத்து நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளையும். விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் ஓட்டவே வேண்டாம், ஊசி மாட்டி இரண்டாகப் போகலாம்.

கேட்பதற்கு எல்.பி. (வினைல் தட்டு) ஊசி ஆகாது. இந்தத் தட்டுகளின் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசி அடிமட்டத்தில் உருண்டு வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் இந்தத் தட்டுக்கென்றே விற்கும் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். பழைய சாவி கிராமபோனில் போடுவதானால் இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுங்கள். தட்டில் கலந்திருக்கும் கல்தூள் ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்றதாக்கிக்கொள்ளும். தேய்ந்த ஊசியை அடுத்த பக்கத்தில் வைத்தால் அது தட்டைத் தேய்க்கத் தொடங்கும். அரிய தட்டுக்குக் கிராமபோன் வேண்டாம் என்பதே எங்கள் சிபாரிசு.

உங்கள் டர்ன்டேபிளில் 45 சுற்று வரைதான் இருக்கிறதா? 45இலேயே ஓட்டிப் பதிவுசெய்து, கம்ப்யூட்டரில் வேகத்தை 1.733 மடங்காக்குங்கள். 78ஐ 45ஆல் வகுத்தால் வருவது அதுதான். மோனோவில் பதியுங்கள், கீறல் சத்தம் பாதி குறையும்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதியப்பட்டவை அல்ல. 80இல் பதிந்தவையும் உண்டு. 80இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய பாதி ஸ்வரஸ்தானம் இறங்கும். ஒரு முழு ஸ்வரஸ்தானம் இறங்க வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் குறைய வேண்டும். ஆகவே தட்டை வைத்துக்கொண்டு "இவர் சரியாக இத்தனை கட்டை" என்று சத்தியம் செய்யாதீர்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். மேடையில் நீட்டி முழக்கிய விருத்தத்தை இரண்டே மூச்சில் முடித்திருப்பார்கள். அதனால் தட்டில் வேகம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் அது எப்போதும் உங்கள் கருவியின் கோளாறு அல்ல.

'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது உண்மையா? பெண் ஏன் நந்தனாராக நடித்தார்? அந்தப் படத்தை இப்போது எங்கே பார்க்கலாம்? (சிதம்பரம், கோவை, பெங்களூர்)

உண்மை. கிட்டப்பா போன பிறகு வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய விபூதி, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி என்று ஒதுங்கியிருந்தார். அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் விடாமல் கேட்டபோது, ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு லட்சம் கேட்டார் என்பார்கள். அவர் சரி என்றுவிட்டார். மொத்தப் படத்தையே அந்தத் தொகைக்குள் முடித்துவிட முடிந்த காலம். எம்.எல். டாண்டன் இயக்கி 1935இல் படம் வந்தது. நந்தனின் ஆண்டையான வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர்.

ஆண் வேடம் ஏன் என்பதற்குப் பதில் அந்த உறுதியிலேயே இருக்கிறது. நந்தனார் கதையில் நாயகி இல்லை. நந்தன், ஆண்டை, தில்லை, அவ்வளவுதான். பெண்கள் ஆண் வேடம் கட்டுவது மேடை ரசிகர்களுக்குப் புதிதும் அல்ல, பாலாமணி அம்மாள் கம்பெனியை மேலே சொன்னோம். ஆனால் கேமரா மேடை அல்ல. பத்தடி தூரத்தில் பார்க்கும்போது பாட்டும் ஒப்பனையும் சேர்ந்து ஆணாக்கிவிடும் உருவம், நெருக்கக் காட்சியில் பெண்ணாகவே தெரியும். கல்கி அன்றைய 'ஆனந்த விகட'னில் படத்தைக் கடுமையாகவே விமர்சித்தார். பாட்டு நின்றது.

படப்பிடிப்பில் இன்னொரு தொல்லை. அப்போது பின்னணிப் பாட்டு கிடையாது. தமிழில் அது 1938இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில்தான் வந்தது. நடித்துக்கொண்டே பாட வேண்டும், ஆர்மோனியமும் மிருதங்கமும் கேமராவில் படாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வாசிக்கும். மேடைப் பழக்கத்தில் இடமும் வலமும் திரும்பிப் பாடினால் குரல் மைக்கை விட்டு விலகும். உச்சியில் முழுக் குரலையும் விட்டால் மைக் பிளிறும். நடுவில் ஒரு பிசிறு வந்தால் மறுபடி முதலிலிருந்து, வீணான பிலிம் அத்தனையும் காசு. கொட்டகைக்காக வளர்ந்த குரல் ஸ்டுடியோவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பார்க்கக் கிடைக்குமா என்றால், இல்லை. இப்போது இணையத்தில் ஓடுவது 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்'. அதில் நந்தன் எம்.எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. அதன் கீழேயே "கே.பி.எஸ். நடிப்பு அபாரம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

தமிழின் முதல் சினிமா கதாநாயகி அவர்தானே? (விருதுநகர்)

அல்ல. அது திருவையாறு டி.பி. ராஜலட்சுமி. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதா'ஸின் நாயகி. அவரும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். 1936இல் 'மிஸ் கமலா'வைத் தானே எழுதி இயக்கினார். சுந்தராம்பாள் படத்துக்கு வந்தது நான்கு ஆண்டு கழித்து.

காங்கிரஸ் மேடையில் பாடினாராமே? எம்.எல்.ஏ.வாக இருந்தாரா? (ஈரோடு)

எம்.எல்.ஏ. அல்ல, எம்.எல்.சி. 1951இல் சென்னை மாகாண மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்ற அவை ஒன்றுக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர் இவரே என்பார்கள். கிட்டப்பா மறைவுக்குப் பின் அவரைப் பொதுமேடைக்கு இழுத்துவந்தவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். 215 இடங்களில் 159ஐக் கட்சி பிடித்த தேர்தல் அது. தலைவர் வரத் தாமதமானால் கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைப்பது பாட்டுதான், அதுவும் ஒலிபெருக்கி கிடைக்காத ஊர்களில் இந்த மாதிரிக் குரல்தான்.

'திருவிளையாடல்' படத்துப் "பழம் நீயப்பா" கண்ணதாசன் பாட்டு என்கிறேன். நண்பர் சங்கரதாஸ் சுவாமிகள் என்கிறார். யார் சொல்வது சரி? (மதுரை)

இரண்டு பேரும் ஜெயித்தீர்கள். தாளம் இல்லாமல் முதலில் வரும் "ஞானப்பழத்தைப் பிழிந்து" என்ற விருத்தம் சுவாமிகளுடையது, நாடக மேடையில் புழங்கியது. மிருதங்கம் சேர்ந்து தொடங்கும் "பழம் நீயப்பா" கண்ணதாசன். இசை கே.வி. மகாதேவன், படம் 1965. அடுத்த முறை கேட்கும்போது விருத்தத்தை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் தூக்கி நிறுத்தி, கூட்டம் மூச்சு விட இடம் கொடுத்து, அப்புறம்தான் அடுத்த அடி எடுப்பார். அது ஸ்டுடியோ பழக்கம் அல்ல. சுவாமிகள் 1922இல் காலமானவர். நாற்பது வருஷத்துக்கு மேல் கழிந்து அவருடைய மேடைப் பாட்டு அதே மேடைக் குரலில் கலர் சினிமா காலத்துக்கு வந்து சேர்ந்தது.

பெண் பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது அவருக்குத்தானே? (திருச்சி)

முதல் விருது பி. சுசீலாவுக்கு, 1968ஆம் ஆண்டுப் படமான 'உயர்ந்த மனித'னுக்காக. அடுத்த ஆண்டு 'துணைவன்' படத்துக்காக சுந்தராம்பாள் பெற்றார். பத்மஸ்ரீ 1970.

எப்போது பார்த்தாலும் கிழவி வேடம்தான். வேறு வேடம் யாரும் கொடுக்கவில்லையா? (தஞ்சாவூர்)

கொடுக்காமல் இல்லை, அவர்தான் எடுத்துக்கொள்ளவில்லை. நடித்தவை பத்துப் பன்னிரண்டு படங்கள்தான், வரிசையாக வைத்துப் பாருங்கள். 1935இல் நந்தனார். 1940இல் மணிமேகலை, தேடி வரும் இளவரசனை மறுத்துத் துறவு பூண்டவள். 1953இல் எஸ்.எஸ். வாசன் தயாரித்துக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஒளவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். பிறகு 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' இரண்டிலும் ஒளவை. ஒன்றிலாவது ஜோடி இருக்கிறதா?

'ஒளவையார்' வந்தபோது அவருக்கு வயது 45கூட நிறையவில்லை. அந்தப் படத்தில் இளவயது ஒளவையாக நடித்தவர் குசலகுமாரி. கல்யாணப் பேச்சு நெருக்கும்போது அந்தப் பெண் பிள்ளையார் முன் நின்று தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி அழுது வேண்டுகிறாள். அந்த வரம் கிடைத்த கணத்தில்தான் சுந்தராம்பாள் திரையில் தோன்றுகிறார். இருபது ஆண்டு கழித்து, 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையா'ரிலும் அதே ஏற்பாடு. இளம் புனிதவதியாக லட்சுமி. அழகு வேண்டாம், பேயுரு கொடு என்று இறைவனிடம் கேட்டுப் பெற்ற பிறகு வருபவர் சுந்தராம்பாள்.